குஞ்சு மீனின் வாய்க்குப் போய்ச் சேரும் விற்றமின்

ஐந்து வாரக் கொய் மீன் குஞ்சு ஒன்றை வலையில் எடுத்து, வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் தண்ணீரோடு விட்டு, மேலே இருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல குஞ்சு என்றால் தலையில் இருந்து வால் வரை முதுகு பென்சிலால் கோடு இழுத்த மாதிரி நேராகப் போகும். நான் அன்றைக்குப் பிடித்த குஞ்சில் அந்தக் கோடு நடுவில் ஒரு பக்கம் சரிந்து, வாலுக்குக் கிட்ட மறுபக்கம் திரும்பியிருந்தது, பாம்பு ஊர்ந்து போன தடம் மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால் செவுள் மூடி கட்டையாகி, உள்ளே இருக்கும் சிவப்புச் செவுள் வெளியே தெரிந்தது. அந்தத் தொட்டியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று அப்படி.

கொழும்பு மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் நான்கு சீமெந்துத் தொட்டி, இரண்டில் கொய், ஒன்றில் கப்பி, ஒன்றில் வீட்டுச் சமையலுக்குச் சிவப்புத் திலாப்பியா, இவ்வளவுதான் என் பண்ணை. முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன், குளோரின் போகவில்லையோ என்று. பிறகு தாய் மீனை. தீன் பையை மட்டும் கடைசி வரை சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது நல்ல தீன், மூட்டை லேபிளில் விற்றமின் சி என்று எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் வாங்கியது மூட்டை இல்லை. கடைக்காரர் மூட்டையை உடைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பொலித்தீன் பையில் அரைக் கிலோவாகக் கட்டி, வெயில் படும் வாசலில் தொங்கவிட்டிருந்ததில் மூன்று பை. மலிவு வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டருக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மாதம் போட்டேன். மூட்டையில் இருந்த விற்றமின் குஞ்சின் வாய்க்கு வரவில்லை. அடுத்த கொய் குஞ்சுகளுக்கு அதே தொட்டி, அதே தண்ணீர், அதே தாய் மீன், தீனை மட்டும் மாற்றினேன், முதுகு நேராக வந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அது போதும்.

குஞ்சு மீனுக்கு எவ்வளவு விற்றமின் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு சின்னது, கீழே தருகிறேன். அதைவிட முக்கியம், போட்டதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. கொழும்பு மாதிரி வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் சேர்ந்திருக்கும் ஊரில் இதுதான் பெரிய பிரச்சினை.

ஏன் குஞ்சுக்கு மட்டும் இவ்வளவு கவனம்

முட்டையில் இருந்து வந்த கொய் குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் மஞ்சட்கருப் பை இருக்கும். அந்த நாட்களுக்கான விற்றமின் தாய் மீன் கொடுத்தது. தாய்க்கு நீங்கள் போட்ட தீன் மோசம் என்றால் குஞ்சு பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறது, ஆகவே முட்டை போடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தாய் மீனின் தீனைக் கவனிக்கத் தொடங்குங்கள். பை வற்றிய பிறகு எல்லாம் வாயால்தான் போக வேண்டும். அந்த வயதில் உடம்பு சில நாளில் இரட்டிப்பாகிறது, எலும்பும் செவுளும் தோலும் ஒரே நேரத்தில் கட்டப்படுகின்றன. பெரிய மீன் ஈரலில் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும், ஒரு மாதம் குறைந்தாலும் சமாளிக்கும். குஞ்சிடம் சேமிப்பு இல்லை.

விற்றமின் சி விஷயத்தில் மீனும் நாமும் ஒரே கட்சி. ஆடு, நாய், கோழி எல்லாம் தங்களுக்கு வேண்டிய சியைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மாலும் நாம் வளர்க்கும் கொய், கப்பி, திலாப்பியா, கெளுத்தி மாதிரி மீன்களாலும் முடியாது, கடைசிப் படிக்கு வேண்டிய நொதியம் இல்லை. சி இல்லாவிட்டால் கொலாஜன் சரியாகக் கட்டப்படாது. எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் அதுதான் நார். அதனால்தான் முதுகு வளைகிறது, செவுள் மூடி குட்டையாகிறது, காயம் ஆறாமல் இழுக்கிறது. கெளுத்திப் பண்ணைக்காரர்கள் இதற்கு முறிந்த முதுகு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் தண்ணீரில் வளரும் குஞ்சுக்கு இந்தத் தலையிடி பாதி குறைவு. அநுராதபுரப் பக்கம் குளங்களில் விடுகிற திலாப்பியாக் குஞ்சுகளுக்கு யாரும் விற்றமின் தூவுவதில்லை, பாசியும் நுண்ணுயிரும் பூச்சியும் எல்லாம் கொடுத்துவிடும். நாம் கொழும்பில் வடிகட்டி போட்டு, தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டு, சதுர அடிக்கு இத்தனை என்று குஞ்சை நெருக்கி வளர்க்கிறோம். அங்கே தீனைத் தவிர வேறு வழியில் எதுவும் வாய்க்குப் போகாது.

கணக்கு

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிச் சபை 1993இலும் 2011இலும் மீன்களுக்கான தேவைகளைத் தொகுத்து வெளியிட்டது. உலகம் முழுக்கத் தீன் செய்பவர்கள் அங்கே இருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த எண்கள் ஒரு கிலோ காய்ந்த தீனுக்கு. திலாப்பியா, கெண்டை, கெளுத்தி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விற்றமின் சி 50 மில்லிகிராம் வரை, விற்றமின் ஈ 50 முதல் 100 மில்லிகிராம் வரை. பி வகையில் தயமின் கெளுத்திக்கு 1 மில்லிகிராம் போதும், ரைபோஃபிளேவின் 6 முதல் 9, பி6 கெளுத்திக்கு 3, கெண்டைக்கு 6, பான்டொதெனிக் அமிலம் 10 முதல் 30, நியாசின் கெளுத்திக்கு 14, கெண்டைக்கு 28. கோலின் மட்டும் பெரிய அளவு, கெளுத்திக்கு 400 மில்லிகிராம், கெண்டைக்கு 1500. கொய் என்பது நிறம் பூசிய கெண்டைதான், ஆகவே கெண்டைக் கணக்கையே பிடியுங்கள். விற்றமின் ஏ கெளுத்திக்கு 1000 முதல் 2000 சர்வதேச அலகு, கெண்டைக்கு 4000. டி கெளுத்திக்கு 500 அலகு. பி12 விஷயத்தில் திலாப்பியா பாக்கியசாலி, குடலில் இருக்கும் பக்டீரியாவே செய்து கொடுத்துவிடும்.

இந்த எண்களை அப்படியே தராசில் போட்டு நிறுக்கப் போகாதீர்கள். இவை ஆய்வுகூடத்தில், சுத்தமான தீனில், விற்றமின் குறையாமல் பார்த்துக்கொண்டு அளந்த குறைந்தபட்சம். நோய் வராமல் தடுக்கும் அளவு, அவ்வளவுதான். தீன் செய்யும்போது இயந்திரச் சூட்டில் ஒரு பங்கு போகும், களஞ்சியத்தில் ஒரு பங்கு, தண்ணீரில் விழுந்த பிறகு இன்னொரு பங்கு. சாதாரண அஸ்கோபிக் அமிலம் தீன் தயாரிக்கும்போதே பாதிக்கு மேல் அழிந்துவிடும். அதனால்தான் தீன் செய்பவர்கள் குஞ்சுத் தீனில் சியை நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போடுகிறார்கள், அல்லது பொஸ்பேட் சேர்ந்த, எளிதில் அழியாத சியைப் போடுகிறார்கள். லேபிள் வாசிக்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பாருங்கள். அஸ்கோபில் பொஸ்பேட் என்றோ மொனோபொஸ்பேட் என்றோ எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம், வெறும் அஸ்கோபிக் அமிலம் என்றால் தயாரித்த திகதியைத் தேடுங்கள், திகதியே இல்லையென்றால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

எது குறைந்தால் எப்படித் தெரியும்

உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் முதலில் தெரியாது. எந்த விற்றமின் குறைந்தாலும் தொடக்கம் ஒரே மாதிரி: தின்னாது, நிறம் கறுக்கும், வளராது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டும். தயமின் குறைந்தால் குஞ்சு நிலை தவறிச் சுழலும், தொட்டியைத் தட்டினால் வலிப்பு வந்த மாதிரித் துடிக்கும். பி6 குறைந்தாலும் நரம்புக் கோளாறுதான், புரதம் கூடிய குஞ்சுத் தீனில் பி6இன் தேவையும் கூடுகிறது என்பதை ஞாபகம் வையுங்கள். பான்டொதெனிக் அமிலம் குறைந்தால் செவுள் இழைகள் நுனி தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், நாம் ஒட்சிசன் போதவில்லை என்று இன்னொரு காற்றுக்கல் வாங்கிப் போடுவோம். ரைபோஃபிளேவின் குறைந்தால் சில மீன்களில் கண் வெளுக்கும், சிலவற்றில் உடம்பு கட்டையாகும். விற்றமின் ஈ குறைந்தால் முதுகுத் தசை மெலிந்து தலைக்குப் பின்னால் கத்தி முனை மாதிரி ஆகும்.

இந்தக் கடைசியில் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் கெண்டை வளர்த்தவர்கள் பட்டுப்புழுக் கூட்டுக்குள் மிஞ்சும் புழுவைத் தீனாகப் போட்டார்கள், மலிவான நல்ல புரதம். ஆனால் அந்தப் புழுவில் கொழுப்பு அதிகம், அது கெட்டுச் சிக்குப் பிடித்துவிடும். சிக்குப் பிடித்த கொழுப்பு மீனின் உடம்பில் இருக்கும் ஈயை எல்லாம் தின்று தீர்த்துவிடும், கெண்டைகள் முதுகு வற்றி மெலிந்துபோயின, ஈ சேர்த்தபோது சரிவந்தது. நமக்கு இங்கே பட்டுப்புழு இல்லை, ஆனால் அரிசித் தவிடு இருக்கிறதே. ஆலையில் இருந்து வந்த தவிடு இந்த வெக்கையில் சில நாளிலேயே சிக்கு மணம் அடிக்கத் தொடங்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள், பழைய எண்ணெய்ச் சட்டி மணம் வந்தால் அது மீனுக்கு வேண்டாம்.

வளைந்த முதுகு எல்லாம் சி குறைவு என்றும் முடிவு கட்டாதீர்கள். கப்பியில் ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்ப இனம் பெருக்கினாலும் வளையும், மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோயிலும் வளையும். பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி, வயதைப் பார்ப்பது. ஒரே தொட்டியில் ஒரே வயதுக் குஞ்சுகள் பல ஒன்றாக வளைந்து, செவுள் மூடியும் குட்டையாக இருந்தால் தீனைப் பாருங்கள். வளர்ந்த மீன் ஒன்றிரண்டு மெலிந்து, புண் வந்து, பிறகு வளைந்தால் அது நோய், அந்தத் தொட்டிக்குள் காயம் இருக்கும் கையை விடாதீர்கள்.

கோழித் தீன் பற்றி

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொழும்பில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கோழிக் குஞ்சுக்கான தீனை அரைத்து, சலித்து, மீன் குஞ்சுக்குப் போடுவது. விலை பாதி, பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் கோழி தன் உடம்பிலேயே சி செய்துகொள்ளும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் கோழித் தீனில் சேர்க்கும் விற்றமின் கலவையில் வழக்கமாகச் சி இருக்காது. புரதமும் குறைவு. பச்சைத் தண்ணீர்க் குளத்தில் இது பெரிதாகத் தெரியாது, சீமெந்துத் தொட்டியில் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். காசு இல்லாத நேரத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் சியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

நமக்கு வாங்கும் பல்விற்றமின் குளிசையை அரைத்துப் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், ஆனால் அதன் விகிதம் மனிதனுக்கானது, கோலின் போதாது, இரும்பு தேவைக்கு மேல் இருக்கும், இரும்பு சியை அழிக்கும். ஒருவர் மாமைட் போடலாமா என்று கேட்டார். பி வகை நிறைய இருப்பது உண்மைதான், உப்பும் அதே அளவு இருக்கிறது, அதைப் பாணில் பூசிச் சாப்பிடுங்கள். மீனுக்குப் பி வகை வேண்டுமென்றால் பாண் போடும் காய்ந்த ஈஸ்ட் நல்லது, தீனில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு.

வைத்திருக்கும் முறை

சூடு, ஈரம், வெளிச்சம், காற்று. விற்றமினுக்கு இந்த நான்கும் எதிரி, நான்கும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டிய தீன் மட்டும் வாங்குங்கள். முழு மூட்டை மலிவு என்றால் மூன்று பேர் சேர்ந்து புதிய மூட்டையாக வாங்கி அன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிழமைக்குப் போதுமான அளவாகச் சிறு பைகளில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக்கிக் கட்டி, கறுப்புப் பைக்குள் வைத்து பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மனைவி மீன் தீனுக்குக் கீழ்த் தட்டை ஒதுக்கித் தந்தது பெரிய மனசு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு இது விளங்க ஒரு போத்தல் விற்றமின் செலவானது. பிரிட்ஜில் இருந்து எடுத்த போத்தலை உடனே திறக்காதீர்கள். கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தூளின் மேல் அப்படியே பனி மாதிரிப் படியும், நான்கு தடவை திறந்து மூடினால் தூள் கட்டிபட்டு மஞ்சளாகிவிடும். அரை மணித்தியாலம் மேசையில் வைத்து, போத்தலின் வெளிப்பக்கம் வியர்ப்பது நின்ற பிறகு திறங்கள். தீன் பைக்கும் இதுதான் சட்டம். அன்றாடம் எடுப்பதற்கு ஒரு சின்ன டப்பா தனியாக வெளியே இருக்கட்டும், ஒரு கிழமைக்கான அளவு மட்டும் அதில். மே மாத மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் அந்த டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பாருங்கள். பச்சையோ சாம்பலோ ஒரு பொட்டுத் தெரிந்தாலும் முழுவதையும் கொட்டுங்கள், மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைப் போடும் வேலை வேண்டாம்.

மேலே பூசும் முறை

வாங்கிய தீனுக்குச் சி சேர்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் மிகவும் பயன் தருவது. நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்குங்கள், அது இல்லாமல் கண்மட்டத்தில் செய்தால் ஒரு பிடியில் எல்லாம் விழும், மறுபிடியில் ஒன்றும் இருக்காது.

பொஸ்பேட் சி தூள் பெரும்பாலும் 35 சதவீதம் என்று வரும், அதாவது ஒரு கிராம் தூளில் 350 மில்லிகிராம்தான் உண்மையான சி. கிலோவுக்கு 200 மில்லிகிராம் கூட்ட வேண்டும் என்றால் 200ஐ 0.35ஆல் வகுத்தால் 571, ஆக 0.6 கிராம் தூள். இந்த 0.6 கிராமை நேரே ஒரு கிலோவில் கொட்டினால் ஒருநாளும் கலக்காது. முதலில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவோடு கலவுங்கள், பிறகு அதோடு ஒரு கைப்பிடி தீன், பிறகு இரண்டு கைப்பிடி, இப்படி இரட்டித்து இரட்டித்துப் போங்கள். கடைசியில் மூடியுள்ள வாளியில் போட்டு ஐந்து நிமிடம் உருட்டுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயைத் துளித்துளியாக விட்டு மறுபடி உருட்டினால் தூள் தீனில் ஒட்டும், தண்ணீரில் கரைந்து போவதும் கொஞ்சம் மெதுவாகும். கடதாசியில் பரப்பி நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு பையில். மா மாதிரி நொய்யாக இருக்கும் குஞ்சுத் தீனுக்கு எண்ணெயை அரைவாசி ஆக்குங்கள், இல்லாவிட்டால் உருண்டை பிடிக்கும், பிறகு வடியில் தேய்த்துச் சலிக்க வேண்டிவரும்.

ஒட்டுவதற்குப் பச்சை முட்டை வெள்ளைக்கருவைப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் விற்றமினைக் கட்டிப்பிடித்து விடாது, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறித்த கதைதான்.

பொஸ்பேட் சி கிடைக்கவில்லையா, விலங்குத் தீனுக்கான சேர்மானம் விற்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் பாமசியில் 500 மில்லிகிராம் சாதாரண விற்றமின் சி குளிசை, நுரை வரும் வகையும் இனிப்புச் சேர்த்ததும் இல்லாமல். நூறு கிராம் தீனுக்குக் கால் குளிசை, நன்றாக அரைத்து மேலே சொன்ன மாதிரியே. அது தேவையைவிட நிறைய, ஆனால் இந்தச் சி நிலைக்காது, பாதி போனாலும் மிச்சம் போதும் என்ற கணக்குத்தான். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். செப்புப் பாத்திரமும் துருப்பிடித்த கரண்டியும் வேண்டாம், செம்பும் இரும்பும் பட்டால் சி கெதியாகக் கெடும்.

முழு விற்றமின் கலவை வாங்கிச் சொந்தமாகத் தீன் செய்பவர்களுக்கு ஒரு சொல்: கோலின் குளோரைட்டைக் கலவையோடு ஒரே போத்தலில் போட்டு வைக்காதீர்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானும் கசிந்து மற்ற விற்றமின்களையும் அழிக்கும். தனிப் போத்தல், தீனில் கடைசியாகச் சேர்ப்பது. தாது உப்புகளும் அப்படியே தனியாக.

பசைத் தீன், உயிர்த் தீன்

சூடை மீன் மலிவாக வரும் நாட்களில் நான் கடல்பாசி போட்டுப் பசைத் தீன் செய்வேன். இங்கே கவனிக்க வேண்டியது, சூடை, சாளை மாதிரி மீன்களிலும் மட்டியிலும் பச்சையாக இருக்கும்போது தயமினை உடைக்கும் நொதியம் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் நரிப் பண்ணை ஒன்றில் பச்சைக் கெண்டை மீனைத் தின்னக் கொடுத்து நரிகளுக்குப் பக்கவாதம் வந்து செத்த கதையின் காரணமும் இதே நொதியம்தான். பத்து நிமிடம் அவித்தால் நொதியம் செத்துவிடும். ஆகவே பச்சைச் சூடையை அரைத்துத் தீனோடு குழைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

அவித்து முள் எடுத்த சூடை 300 கிராம், அவித்த முட்டை ஒன்று, வறுத்த சோயா மா 100 கிராம், கைப்பிடி கங்குன் கீரை அவித்து அரைத்தது. கடல்பாசி 8 கிராமை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கரைத்து, எல்லாவற்றையும் அதில் சேர்த்துக் கிண்டி இறக்குங்கள். இறக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் சூடாக இருந்தும் எடுக்கத் தோன்றாத நிலை, அப்போதுதான் விற்றமினைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வீண், இறுகிய பிறகு போட்டால் கலக்காது, இடையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், தொலைபேசியை எடுக்காதீர்கள். ஜெலட்டினை விட எனக்குக் கடல்பாசி பிடிக்கக் காரணம், நம் தொட்டித் தண்ணீர் 28 பாகையில் நிற்கிறது, அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகித் தண்ணீரைக் கலக்கும். மெல்லிய தகடாக ஊற்றி உறையவைத்து, நாளுக்கு ஒரு துண்டு துருவிப் போடுங்கள், இரண்டு கிழமைக்குள் முடியுங்கள்.

குஞ்சு முதன்முதலாகத் தின்னத் தொடங்கும் நாட்களில் இதெல்லாம் தேவையில்லை. அந்த ஒரு கிழமைக்கு ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் குஞ்சுதான் அரசன், சியும் அதில் தாராளம். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் நம் வெப்பநிலையில் 24 மணித்தியாலத்தில் பொரிக்கும். பொரித்த உடனே போடுங்கள், காலையில் பொரித்ததை மறுநாள் வரை வைத்தால் அது தன் சேமிப்பைத் தானே தின்று முடித்துவிட்டு வெறும் கோதாக வரும். மொய்னா என்ற தண்ணீர்ப் பூச்சியை வளர்ப்பவர்கள் பச்சைத் தண்ணீரில் வளர்த்தால் அதுவும் நல்லது.

தூள் தீனுக்கு மாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு ஏழு தடவை. சோம்பல்பட்டு இரண்டு தடவையில் கொட்டாதீர்கள். குஞ்சுத் தீனின் துணிக்கை சின்னது, தண்ணீரில் விழுந்த சில நிமிடத்திலேயே பி வகையும் சியும் கரைந்து வெளியேறத் தொடங்கும். அடியில் கிடந்து ஊறியதை அரை மணித்தியாலம் கழித்துக் குஞ்சு தின்றால் வயிறு நிறையும், விற்றமின் போகாது.

அதிகம் போட்டால்

சியும் பி வகையும் கொஞ்சம் கூடினால் பயமில்லை, மிஞ்சியது வெளியே போய்விடும். ஏயும் டியும் அப்படி இல்லை, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வேடிக்கை என்னவென்றால் விற்றமின் ஏ அதிகமானாலும் குஞ்சின் முதுகெலும்பு கோணலாகும். முதுகு வளைகிறதே என்று பயந்து மீன் எண்ணெய்க் குளிசையையும் ஈரலையும் தினமும் போட்டு, இன்னும் வளைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரல் நல்லதுதான், கிழமைக்கு ஒரு தடவை அவித்துத் துருவி, அதோடு நிறுத்துங்கள்.

வளைந்தது நிமிராது. தீனை மாற்றினால் பசி திரும்பும், நிறம் திரும்பும், புதிதாக வளைவது நிற்கும், ஆனால் எலும்பு வளைந்த குஞ்சு வளைந்ததுதான். திலாப்பியா என்றால் வளர்த்துக் கறி வைப்பதில் பிழையே இல்லை. கொய் என்றால் விற்க முடியாது, குட்டி எடுக்கவும் வேண்டாம், காரணம் தீனா பரம்பரையா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாதே. பாவம் என்று பேரே வாவியிலோ பக்கத்துக் கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். என்னுடைய அந்தக் கொய்களில் ஏழு மிச்சம், முற்றத்து மழைத்தண்ணீர்ப் பீப்பாவில் கோணலாக நீந்திக்கொண்டு நுளம்புக் குடம்பிகளைத் தின்கின்றன. டெங்கு பரிசோதிக்க வருபவர்கள் போன மாதம் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.